உரோமாபுரியிற் கற்ற தமிழ் மாணவர்

ஊவா மாகாணத்திலே வாழும் தமிழருக்கு இத்தாலியர் முற்றும் புதியவரல்லர். 1886ஆம் ஆண்டிலே கண்டி மேற்றிராசனம் அமைக்கப்பெற்றபோது மத்திய மாகாணத்தோடு ஊவாவும் அதன் எல்லைக்குள் அடங்கிற்று. அதனை நடத்தும் பொறுப்பு, இத்தாலி நாட்டிலே பாபிரியானோ என்னும் ஊரையடுத்த மொந்தேபானோ மலையில் 1231இல் தோன்றிய சில்வெஸ்திரிய பெனடிக்ற் சபைத் துறவியரிடம் இருந்தது. முதல் மேற்றிராணியார் பஞ்ஞானி ஆண்டகை இத்தாலியர். 1936 தொடக்கம் ஏறக்குறைய இருபத்து மூன்று ஆண்டுகள் அப்பதவியை வகித்த றெஞ்ஞோ ஆண்டகையும் இத்தாலியரே. பதுளை தனி மேற்றிராசனமாகப் பிரிந்தது 1972இலேதான். ஆகவே பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்த கத்தோலிக்கத் தொழிலாளர்க்கு, தேயிலைக் கொழுந்தையும் துரைமாரையும் போலவே, இத்தாலிய உச்சரிப்போடு தமிழ் பேசும் சாமிமாரும் அறிமுகமாயிருந்தனர் எனலாம்.

இத்தாலியர் நம்மிடையே வந்து தமிழ் கற்ற வரலாறு இதனினும் மிகப் பழையது. உரோமாபுரிப் பெருங்குடியிற் பிறந்த றொபேட் டி நொபிலி 1606ஆம் ஆண்டின் இறுதியில் மதுரை வந்து சேர்ந்தார். மந்துவாவையடுத்த கஸ்திலியோனே என்னும் ஊரிலே 1680இற் பிறந்த பெஸ்கி, 1710இல் இந்தியக் கரையை அடைந்து, வீரமாமுனிவர் என்னும் பெயரோடு 1747இலே இந்நாட்டிலேயே மறைந்தார். இவர்களைப் பாதிரிமார் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அந்நிய நாட்டிலே ஆசிரியர் முன் பணிந்திருந்து கற்ற மாணவர் என்று எண்ணுவதில்லை. டி நொபிலிக்கு வடமொழி பயிற்றியவர் சிவதருமர் என்னும் அந்தணர். முனிவர்க்குத் தமிழாசிரியர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது வழக்கு. முப்பது வயதிற் புதிய எழுத்தைக் கையிலெடுத்த ஒருவர் 3,615 விருத்தங்களிலே தேம்பாவணியைப் பாடினார் என்பது, அயல்நாட்டுக் கல்வி ஒருவனை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு நம் மொழியிலுள்ள பெருஞ்சான்று.

மறுதிசையிற் சென்ற தமிழ் மாணவரின் வரலாறு அவ்வளவு விரிவாக எழுதப்படவில்லை. இத்தாலி என்றதும் இன்று நம் மாணவர்க்கு நினைவு வருவது வேலைதேடிச் சென்ற உறவினரும், அவர் அனுப்பும் பணமுமேயாம். சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலே இலங்கைத் தமிழர் பெருந்தொகையாய்க் குடியேறியுள்ளமை யாவரும் அறிந்தது. அவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, கூலிக்கன்றிக் கல்விக்காக அந்நாடு சென்று, ஐந்தாண்டுகள் அங்கே மாணவராய் வாழ்ந்து, அக்கல்வியைத் தமிழுக்குப் பயன்படுத்திய ஒருவரைப் பற்றியே இக்கட்டுரை. அவர் சேவியர் தனிநாயக அடிகள். இந்துக் கல்லூரி மலரிலே கத்தோலிக்கக் குருவானவரைப் பற்றி எழுதுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். தேம்பாவணி பாடியவரின் சதுரகராதியைப் புரட்டிப் பொருள் தேடாத சைவப் புலவர் எவருமிலர் என்பதே அவர்க்கு நம் விடை.

அடிகளார் 1913 ஆகஸ்டு 2ஆம் நாள் யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னிற் பிறந்தார். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்று, கொழும்பு புனித பெர்னாட் குருமடத்திற் சேர்ந்தார். அக்காலத்து ஆங்கிலக் கல்லூரிகளின் இயல்பு நாம் அறிந்ததே. ஆங்கிலமும் இலத்தீனும் அரியணையில் இருந்தன. தமிழ் வாயிற்படியில் நின்றது. 1934இல், இருபத்தொரு வயதிலே, குருத்துவக் கல்வியை முடிப்பதற்காக அவர் உரோமாபுரி சென்றபொழுது, சங்க இலக்கியத்தைத் துறைபோகக் கற்றவராய்ச் செல்லவில்லை. தமிழ்ப் பாடசாலையில் நன்றாகப் பயின்ற சிறுவன் ஒருவன் அறிந்த தமிழை அறிந்தவராயிருந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது. இதனை மனத்திற் கொள்ளாவிடின், பின்னர் நிகழ்ந்தவற்றின் அருமை விளங்காது.

அவர் சேர்ந்த ஊர்பானியானாக் கல்லூரி விசித்திரமானதொரு நிலையம். மறைபரப்புச் சங்கத்தைப் பதினைந்தாம் கிரகோரியார் 1622இல் நிறுவினார். ஐந்தாண்டுகளின் பின், 1627இல், எட்டாம் ஊர்பானுப் பாப்பரசர் அச்சங்கத்தோடிணைந்ததாக, உலகின் பல திசை மாணவரும் ஒருங்கிருந்து கற்பதற்கு இக்கல்லூரியைத் தோற்றுவித்தார். ஸ்பானியச் சதுக்கத்திலுள்ள அதன் பழைய மாளிகையைக் கட்டியவர் பெர்னினியும் பொறொமீனியும். ஒருவரையொருவர் வெறுத்த இரு பெருஞ் சிற்பிகளின் கைவண்ணம் ஒரே கட்டடத்தில் அமைந்தது உரோமாபுரிக்கே உரிய வேடிக்கை. சங்கத்தின் அச்சகத்திலே கீழைநாட்டு எழுத்துகள் பலவும் வார்க்கப்பெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மூவிராசாக்கள் திருநாளையொட்டி இக்கல்லூரி மாணவர் தத்தம் மொழியிலே செய்யுளும் உரையும் அரங்கேற்றும் விழாவைக் காண ஐரோப்பியப் பயணிகள் பலர் திரண்டனர். பல்மொழிப் புலமையால் உலகப் புகழ் பெற்ற மெத்ஸொபந்தி கருதினாலும் அவ்விழாவோடு நெருங்கிய தொடர்புடையவர்.

அடிகளார் செல்வதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1931இல், கல்லூரியின் புதிய இல்லம் ஜனிக்கோலோக் குன்றின்மேல் திறக்கப்பெற்றிருந்தது. கறுத்த அங்கியிற் சிவப்புக் கரையும், இடையிற் சிவப்புக் கச்சையும் அம்மாணவரின் உடை. சீனரும், ஆபிரிக்கரும், அராபியரும், மலையாளிகளும், ஐரிஷ் வழிவந்த அவுஸ்திரேலியரும் ஒரே மேசையில் உண்டனர். வகுப்பிலே மொழி இலத்தீன். விரிவுரையும் வாய்மொழிப் பரீட்சையும் அம்மொழியிலேயே நிகழ்ந்தன. முற்றத்திலும் வீதியிலும் மொழி இத்தாலியம். கடிதம் எழுதும்போது ஒவ்வொருவனுக்கும் தன் தாய்மொழி. இவ்வாறு ஒரு நாளுக்குள் மூன்று மொழிகளினூடாக நடக்க வேண்டியிருந்த மாணவனுக்கு, மொழி என்பது மூச்சைப் போல உணரப்படாத பொருளாய் இருத்தல் இயலாது. தன் மொழியைப் பற்றி மற்றவன் வினவும் வினாவுக்கு அவன் விடை சொல்லியே ஆகவேண்டும். உன் மொழியிலே என்ன காவியம் உண்டு, அது எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது, யார் அதனைப் பதிப்பித்தார் என்னும் கேள்விகள் அத்தகைய இல்லத்தில் உணவு வேளைப் பேச்சாகவே எழும்.

ஜனிக்கோலோக் குன்றையும் சிறிது நோக்குவோம். ‘விடுதலையடைந்த எருசலேம்’ என்னும் காவியத்தைப் பாடிய தஸ்ஸோ 1595இல் உயிர்நீத்த மடம் அக்குன்றிலேயே உளது. அவர் நிழலில் அமர்ந்த கருவாலி மரத்தின் பட்டகட்டையை இரும்புத் தாங்கு கொடுத்து அந்நகரத்தார் இன்றும் பேணுகின்றனர். (கவிஞன் இருந்த மரத்துக்கு முட்டுக்கொடுத்துக் காக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை, கவிஞனுக்கே முட்டுக்கொடுத்த வழக்கமும் அரிது.) 1849இலே உரோமைக் குடியரசுக்காகப் போராடிய கரிபால்தியின் குதிரை வீரச் சிலை அக்குன்றின் உச்சியில் 1895இல் நாட்டப்பெற்றது. பாப்பரசரின் ஆட்சியை எதிர்த்துப் போரிட்டவரின் சிலையும், பாப்பரசரின் கல்லூரியும் ஒரே குன்றில் அடுத்தடுத்து நிற்றல் காண்க. 1904 முதல் நாள்தோறும் நண்பகலில் அங்கே ஒரு பீரங்கி முழங்கும். நகரத்துக் கோயில் மணிகள் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும் என்பதற்காக எழுந்த ஏற்பாடு அது. தோட்டத்திலே பிரட்டுத் தப்பும் தொழிற்சாலைச் சங்கும் கேட்டு நேரத்தை அறிந்து வளர்ந்த நம் மாணவர், அப்பீரங்கியொலியை எளிதில் மனத்திற் கற்பனை செய்துகொள்வர்.

இத்தாலியப் பண்பாடு என்றவுடன் ஓவியமும் சிற்பமும் இசையுமே பெரும்பாலும் பேசப்படும். தமிழ் மாணவனுக்கு அந்நாட்டிலே அவற்றினும் சிறந்த பாடம் ஒன்று உண்டு. அஃது அம்மக்கள் மொழியின் வரலாறு. இத்தாலி ஒரே அரசாக இணைந்தது 1861இலேதான். உரோமாபுரி அதனோடு சேர்ந்தது 1870இல். அரசு இணைந்த காலத்தில் இலக்கிய இத்தாலியத்தைப் பேசவல்லார் நூற்றுக்குப் பதின்மரையும் எட்டவில்லை என்பது அறிஞர் மதிப்பீடு. அதனினும் மிகக் குறைத்துச் சொல்வாருமுளர். ஏனையோர் தத்தம் பிரதேச வழக்குகளையே பேசினர். ஆயினும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டை ஒரு நாடாக நினைக்கச் செய்தது 1321இல் மறைந்த தாந்தே என்னும் கவிஞரின் மொழி. கற்றோர் மொழி இலத்தீனே என்றிருந்த காலத்தில், தாய்மொழியும் பெருங்காவியத்துக்கு உரியது என்று நிறுவ ஒரு நூல் எழுதப் புகுந்த தாந்தே, அந்நூலை இலத்தீனிலேயே எழுதினார். தாய்மொழியை இகழ்வோர் அறிந்த மொழியிலே அவர்க்கு விடையிறுக்க வேண்டும் என்பது அவர் கருத்துப்போலும். அதில் இத்தாலிய வழக்குகள் பதினான்குக்குக் குறையாதன எனக் கணக்கிட்டு, அவற்றுள் எதுவும் தனியே இலக்கிய மொழியாகாது என்று அவர் முடிவு கூறினார். செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலங்களை எண்ணிய நம் இலக்கணகாரரின் நெறி இங்கே நினைவுக்கு வாராதிராது.

இதனை ஓர் ஒப்புமைக்காக மட்டும் கூறினேனல்லேன். பேச்சுமொழிக்கும் இலக்கியமொழிக்கும் இடைப்பட்ட இவ்வழக்கு இத்தாலியில் நூற்றாண்டுக்கணக்காக நடந்தது. 1583இல் புளோரன்ஸ் நகரிலே கிறுஸ்காச் சங்கம் தோன்றியது. 1612இல் அதன் பேரகராதி வெளிவந்தது. இச்சூழலிலே பிறந்து கற்ற வீரமாமுனிவர், தமிழ்நாடு வந்ததும் கொடுந்தமிழுக்கு வேறாகவும் செந்தமிழுக்கு வேறாகவும் இலக்கணம் எழுதியதும், சொற்களை அகரவரிசைப்படுத்திச் சதுரகராதியை 1732இல் ஆக்கியதும் தற்செயலாகா என்பது என் துணிபு. இத்தாலியன் ஒருவன் கண்ணுக்கு அந்த வேறுபாடு உடனே புலப்படும். ஏனெனில் அவன் வீட்டிலும் அதுவே வழக்கு. அவர் இத்தாலியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த நோக்கை, இரு நூற்றாண்டு கழிந்தபின் தமிழ் மாணவர் ஒருவர் அதன் பிறப்பிடத்துக்கே சென்று கண்டார்.

எனினும் அடிகளார் கண்ட இத்தாலி தாந்தேயின் இத்தாலி மட்டுமன்று, முசோலினியின் இத்தாலியுமாகும். பழைய உரோமப் பேரரசின் புகழைத் தன் அரசுக்கு உரிமையாக்க முனைந்த பாசிச ஆட்சி, 1932இல் தொல்லியற் களத்தின் நடுவே வீடுகளை இடித்துப் பேரரசு வீதியை அமைத்தது. 1935 அக்டோபரில் எத்தியோப்பியாமீது படையெடுத்து, மறு ஆண்டு மே மாதத்திற் பேரரசை அறிவித்தது. 1937இல் அகுஸ்துவின் இரண்டாயிரமாம் ஆண்டுப் பிறப்பு விழாவுக்கெனப் பெருங்கண்காட்சியொன்றைத் திறந்து ஓராண்டுக்கு மேல் நடத்தியது. அந்த அகுஸ்துவின் காலத்தையொட்டியே உரோமப் பொன்னாணயங்கள் முசிறிக்கும், அரெத்சோ நகரத்துச் செம்மண்கலங்கள் அரிக்கமேட்டுக்கும் வந்தன என்பதை நாம் அறிவோம். அரிக்கமேட்டில் உவீலர் அகழ்ந்தது 1945இலேயாதலின், கண்காட்சி நடந்த நாளில் உரோமாபுரியார் அதனை அறியார்.

மொழித்துறையிலே அவ்வாட்சியின் செயல் ஈழத்தமிழர் ஊன்றி நோக்கத்தக்கது. முதல் உலகப் போரின் முடிவில் இத்தாலிக்குக் கிடைத்த தென் திரோல் மலைநாட்டிலே ஜெர்மானிய மொழி பேசுவோர் வாழ்ந்தனர். திரியெஸ்தேப் பக்கத்திலே சுலோவேனியர் வாழ்ந்தனர். 1923ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தாற் பாடசாலைகளிலிருந்து அவர்தம் மொழிகள் படிப்படியாக அகற்றப்பட்டன. ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன, குடும்பப் பெயர்களும் தப்பவில்லை. தாய்மொழியைப் பிள்ளைகளுக்கு மறைவிடங்களிலே கற்பிக்க வேண்டிய நிலை வந்தது. இத்தாலியரையும் அரசு விட்டுவைக்கவில்லை. நம் மொழியில் நீ, நீர், நீங்கள் என முன்னிலைப் படிகள் உளவாதல் போல இத்தாலியத்திலும் மூன்று உள. அவற்றுள் மரியாதைக்கு வழங்கிய ‘லேய்’ என்னும் சொல் அந்நியத் தன்மையும் அடிமைத்தனமும் உடையதென்று கூறி, 1938இல் அதனை விலக்கி ‘வோய்’ என்பதையே வழங்குமாறு கட்சி கட்டளையிட்டது. தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அயலவனை எச்சொல்லால் அழைப்பது என்பதையும் அரசாங்கம் தீர்மானித்த காலம் அது. பாசிசம் வீழ்ந்தபின் ‘லேய்’ மீண்டும் வந்துவிட்டது.

அவ்வாண்டின் கோடையில் நிகழ்ந்த ஒன்று இவ்வரலாற்றின் நடுவிடம் பெறத்தக்கது. 1938 ஜூலை 14ஆம் நாள் இத்தாலியில் இனக்கொள்கை அறிக்கை வெளியாயிற்று. மாந்தர் இனங்கள் உயர்வு தாழ்வுடையன என்னும் கருத்தை விஞ்ஞானப் போர்வையில் அது கூறியது. இரு கிழமைகளின் பின், ஜூலை 28ஆம் நாள், பதினோராம் பத்திநாதர் கஸ்தெல் கந்தோல்போவிலே இனவாதத்தையும் மிகைபட்ட தேசியவாதத்தையும் கண்டித்து ஓர் உரை நிகழ்த்தினார். மனிதகுலம் முழுவதும் ஒரே பேரினம் என்பது அதன் சாரம். அவ்வுரை யாருக்கு நிகழ்த்தப்பட்டது எனின், மறைபரப்புச் சங்கக் கல்லூரியின் மாணவர்க்கே. சீனரும் ஆபிரிக்கரும் இந்தியரும் இலங்கையருமான இளைஞரைப் பார்த்துப் பேசுவதினும் அப்பொருளுக்குப் பொருத்தமான அவையை அவர் தேடியிருத்தல் இயலாது. அதற்கு முசோலினி இரண்டு நாளிலேயே சினந்து மறுமொழி கூறினார். இலையுதிர் காலத்திலே யூதருக்கெதிரான சட்டங்கள் பிறந்தன. அவ்வாண்டிலே குருத்துவத் திருநிலை பெற்று, அக்கல்லூரியிலேயே மேற்படிப்பைத் தொடர்ந்தவர் தனிநாயக அடிகள்.

தமிழ்ப் பெருமையை உலகெங்கும் எடுத்துரைத்தவராயினும் பிறமொழியை இழித்தோ பிற இனத்தைத் தாழ்த்தியோ பேசும் வழக்கம் அடிகளாரிடம் இல்லை. தம் பயண நூலுக்கு ‘ஒன்றே உலகம்’ எனப் பெயரிட்டார். கணியன் பூங்குன்றனாரின் பாட்டை அவர் எடுத்தாளாத அவை அரிது. உரோமத் தத்துவ ஞானிகளான தோயிக்கரின் உலகக் குடிமைக் கொள்கையோடு அதனை ஒப்பிட்டுக் காட்டுவதிலே அவர்க்குத் தனி விருப்பு. இவற்றுக்கெல்லாம் வேர் சங்க நூலிலே உளது என்பது மெய். ஆனால் அந்த வேரை அவர் தேடிச்செல்லும் முன்னரே, மொழிப்பற்று இருவகையாகவும் வளரக்கூடும் என்பதை அவர் வாழ்ந்த நகரம் நாள்தோறும் அவர்க்குக் காட்டிக்கொண்டிருந்தது.

இனி அவர் கற்ற கல்வியின் முறையைப் பார்ப்போம். அவரது கலாநிதிப் பட்ட ஆராய்ச்சி மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜ் நகரத்துக் குருமாரைப் பற்றியது. அந்நகரின் மேற்றிராணியாராயிருந்து 258இல் உயிர்த்தியாகம் செய்த சிப்பிரியானுவின் கடிதங்களே அதற்கு முதன்மை ஆதாரம். அக்கடிதங்கள் வரலாறு எழுதும் நோக்கோடு வரையப்பட்டனவல்ல. துன்பகாலத்தில் ஒரு தலைவர் தம் மக்களுக்கும் துணைவர்க்கும் எழுதியவை. அவற்றிலே இடையிடையே வரும் பெயர், பதவி, படி, கட்டளை ஆகியவற்றைத் தொகுத்து, ஒரு சமுதாயத்தின் அமைப்பை மீட்டுருவாக்க வேண்டும். மூலத்தை மொழியாராய்ச்சியோடு வாசித்தல், ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று காட்டல், சான்று சொல்லாததைத் தாம் சொல்லாதிருத்தல் என்பன அக்கல்லூரியின் பயிற்சி. இருபதாண்டு கழித்து இலண்டன் சர்வகலாசாலைக்கு அவர் அளித்த ஆராய்ச்சி பழந்தமிழ் இலக்கியத்திற் காணப்படும் கல்விச் சிந்தனைகளைப் பற்றியது. சங்கப் புலவரும் கல்வி வரலாறு எழுதப் பாடினாரல்லர். பாணனும் விறலியும், ஆசானும் மாணாக்கனும் பாட்டின் போக்கிலே வந்துபோகின்றனர். அவ்வரிகளிலிருந்து ஒரு கல்வி வரலாற்றைத் திரட்டிய கை, கார்த்தேஜ்க் கடிதங்களில் முன்னரே பழகிய கையாகும். உரோமாபுரி அவர்க்குத் தமிழைக் கற்பிக்கவில்லை. தமிழை எவ்வாறு ஆராய்வது என்பதை, தானறியாமலே, கற்பித்துவிட்டது.

1939இல் அவர் இத்தாலியை விட்டு நீங்கினார். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாடு போரிற் குதித்தது. தூத்துக்குடி மேற்றிராசனத்தைச் சேர்ந்த குருவானவராய், 1940 தொடக்கம் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்திற் பாடசாலைப் பணி செய்தார். அங்கேதான் அவர் தம் வறுமையை உணர்ந்தார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு முதலிய மொழிகளிலே பேசவும் எழுதவும் வல்லவர், தம் மாணவரும் மக்களும் வழங்கும் மொழியின் இலக்கியத்தைப் புதிதாகக் கற்கவேண்டியவராயினார். பண்டிதரிடம் பாடங்கேட்டார். 1945இல், முப்பத்திரண்டு வயதிலே, மேனாட்டுக் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் அண்ணாமலைச் சர்வகலாசாலையிலே தமிழ் மாணவராய்ச் சேர்ந்து மற்ற இளைஞரோடு வாங்கில் அமர்ந்தார். நம் ஈழத்து விபுலாநந்த அடிகள் 1931இல் முதற் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த அதே சர்வகலாசாலை அது. முதுகலைப் பட்டமும் அதன்மேல் இலக்கிய முதுவர் பட்டமும் பெற்று 1949இல் அவர் வெளியேறினார். வீரமாமுனிவர் முப்பது வயதில் தொடங்கியதை யாழ்ப்பாணத்துப் பிறந்தவர் ஏறக்குறைய அதே வயதில் தொடங்க நேர்ந்தமை அக்காலத்துக் கல்விமுறையின்மேல் ஒரு தீர்ப்பாகும்.

அண்ணாமலையில் அவர் எடுத்த பொருள் பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை. அதன் விரிந்த வடிவம் 1966இல் நிலத்தோற்றமும் கவிதையும் என்னும் பொருள்படும் ஆங்கில நூலாயிற்று. தியோகிரிதசும் வெர்ஜிலும் பாடிய முல்லைநில வாழ்வோடு நம் ஐந்திணையை அதில் அவர் வைத்து நோக்கினார். கிரேக்க, இலத்தீன் கவிஞர்க்கு இயற்கை பின்னணியாகவே பெரிதும் நிற்க, தமிழ்ப் புலவர்க்கு அது உணர்ச்சியின் மொழியாகவே அமைந்தது என்பது அந்நூலின் பேறு. இத்தகைய ஒப்பீட்டில் ஓர் இடருமுண்டு. உரோமைக் கல்வி பெற்றவர்க்கு வெர்ஜில் எப்போதும் அளவுகோலாக நிற்பர். தமிழ்ப் பாட்டு அவர்க்கு நிகர் என்று காட்டுவதிலே கருத்துச் செல்லுங்கால், நிகரில்லாத் தனித்தன்மை சிலவிடத்து மறைந்துபோதல் கூடும். அடிகளாரின் சில சொற்பொழிவுகளில் இக்குறையைக் காணலாம். நூலிலே அது மிகக் குறைவு.

1952இல் அவர் தமிழ்ப் பண்பாடு பற்றிய காலாண்டு இதழை ஆங்கிலத்தில் வெளியிடத் தொடங்கினார். தமிழ்பற்றி ஆங்கிலத்தில் ஏன் எழுதவேண்டும் என்று கேட்டவர்க்கு, தாய்மொழியின் உரிமையை இலத்தீனிலே நாட்டிய தாந்தேயின் செயலே போதிய விடை. அதே ஆண்டில் இலங்கைச் சர்வகலாசாலையிலே கல்வித்துறை விரிவுரையாளராய் அமர்ந்து 1961வரை பணியாற்றினார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது தமிழின் உரிமைக்காக அவர் வெளிப்படையாகப் பேசினார், எழுதினார். அரசு ஒரு மொழியைப் பாடசாலையிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் அகற்றினால் என்னாகும் என்பதை அவர் நூலிற் படித்து மட்டும் அறிந்தவரல்லர். பின்னர் மலாயாச் சர்வகலாசாலையின் இந்தியத் துறைக்குத் தலைவரானார். 1964 ஜனவரியில் புதுடில்லியிலே கீழைத்தேய அறிஞர் மகாநாடு கூடியபோது, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாயிற்று. பிரெஞ்சு அறிஞர் பில்லியோசா தலைவர். செக் அறிஞர் சுவெலபிலும் அடிகளாரும் செயலாளர். பல நாட்டார் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து ஒரு பொருளை ஆராயும் அந்த அமைப்பிலே ஜனிக்கோலோக் குன்றின் உணவுமண்டபத்தின் சாயல் தெரிகின்றது என்று சொல்ல எனக்குத் துணிவுண்டு. முதலாம் மகாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், நான்காவது 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலும் கூடின. அடிகளார் 1980 செப்டெம்பர் முதலாம் நாள் மறைந்தார்.

மாணவப் பருவத்துக்குப் பின்னும் அவர் இத்தாலியோடு கொண்ட தொடர்பு அறுபடவில்லை. இப்போது அதன் வாயில் நூலகம். அச்சங்கத்தின் செயலாளராய்ப் பதினெட்டாம் நூற்றாண்டிலே பணிபுரிந்த ஸ்தெபானோ பொர்ஜியா கருதினால், கீழைநாடுகளில் இருந்த குருமார் வாயிலாகச் சுவடியும் நூலும் சிலையும் நாணயமும் தேடித் திரட்டினார். அவர் தொகுத்த சுவடிகளும் நூல்களும் பலகாலம் மறைபரப்புச் சங்கத்திடம் இருந்து, 1902இல் வத்திக்கான் நூலகத்தைச் சேர்ந்தன. அத்தொகுதியிலேதான் 1679இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதி கிடந்தது. அதனை ஆக்கியவர் மதுரை மிசனில் உழைத்த புரோயென்சா என்னும் போர்த்துக்கேயக் குரு. அச்சேறுமுன்னரே அவர் இறந்துவிட்டார். பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ச் சொற்கள், பதினேழாம் நூற்றாண்டிலே மக்கள் வழங்கிய பொருளோடு அதில் உள்ளன. சதுரகராதிக்கு அரை நூற்றாண்டு முற்பட்ட இந்நூலின் பிரதி வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

அடிகளார் அதனைத் தேடிக் கண்டு, ஒளிப்படம் எடுப்பித்து, முன்னுரையோடு 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டார். மாணவராயிருந்த ஐந்தாண்டும் அந்நூலகத்துக்கு நடந்துசெல்லும் தொலைவிலேயே அவர் வாழ்ந்தார். அன்று அதனைக் கையிலெடுத்திருப்பினும் அதன் அருமையை அளந்தறியும் தமிழ்ப்பயிற்சி அவரிடம் இருந்திராது. வடக்கன்குளத்துக்கும் அண்ணாமலைக்கும் சென்று திரும்பியபின்னரே அந்த ஏடு அவர்க்குத் திறந்தது.